குறை கருவியிலா, காதிலா?

(நாக்பூரில் நம் சங்கக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விஞ்ஞானம் சம்பந்தமாக அரைமணி நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் 1971-ல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. தேறியவன். அதற்குப் பிறகு 38 வருஷம் மத்திய அரசின் தணிக்கைத் துறையில் உத்தியோகம். ஆகவே பௌதிகமும் தணிக்கையும் கலந்த ஒரு சொந்த அனுபவத்தையே சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பின் எனக்குள்ள ஒரே செலவு சங்கீதம் கேட்பது. கச்சேரிகள் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அதிலிருந்து டி.ஏ.சி. என்னும் பெட்டி, பிறகு ஆம்ப்ளிஃபையர், பிறகு ஸ்பீக்கர். டி.ஏ.சி. என்பது எண்களை மின்னழுத்தமாக மாற்றும் கருவி. 1982-ல் சி.டி. வந்தபோது, நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்க இரும எண்ணாக எழுதுவது என்று வகுத்தார்கள். அந்த எண்களைத் திரும்ப ஒலி அலையாக்குவதே டி.ஏ.சி.யின் வேலை. என்னிடம் இருந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன் 9,000 ரூபாய்க்கு வாங்கியது.

இரண்டு வருஷமாக எனக்கு ஒரு குறை. பாட்டு கேட்கிறது, மிருதங்கம் கேட்கிறது, ஆனால் தம்புராவின் ரீங்காரம் கேட்கவில்லை. கட்டையைத் தட்டுவதுபோல் இருக்கிறது. பெட்டி பழசாகிவிட்டது என்று முடிவு செய்தேன். இங்கேயே உள்ள ஒரு நண்பர் 1,60,000 ரூபாய்க்கு ஒரு டி.ஏ.சி.யும், 90,000 ரூபாய்க்கு ஒரு பிரீ ஆம்ப்ளிஃபையரும் வைத்திருக்கிறார். "ஒரு வாரம் வைத்துக் கேளுங்கள், பிறகு வாங்குங்கள்" என்று பெருந்தன்மையோடு கொண்டுவந்து கொடுத்தார். என் ஃபிக்ஸட் டெபாசிட் ஒன்று முதிர்வடைய ஒரு மாதம்தான் இருந்தது.

மாட்டிக் கேட்டேன். ஆஹா, தம்புரா வந்துவிட்டது! என் சகதர்மிணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள், "ஏன்னா, சத்தம்தானே ஜாஸ்தியா இருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தை என்னைச் சிந்திக்க வைத்தது. வீட்டு உபயோக டி.ஏ.சி.க்கள் ஆர்.சி.ஏ. இணைப்பில் பெரும்பாலும் 2 வோல்ட் கொடுக்கும். எக்ஸ்.எல்.ஆர். இணைப்பில் 4 வோல்ட் கொடுக்கும். மின்னழுத்தம் இரட்டித்தால் 6 டெசிபல் கூடுதல். ஒலியளவு மாறினால் காதின் தீர்ப்பும் மாறும். மெதுவான ஒலியில் நம் காது தாழ்ந்த ஸ்வரங்களையும் மிக உயர்ந்தவற்றையும் குறைவாகவே கேட்கும் என்று 1933-லேயே அமெரிக்காவில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டினார்கள். கொஞ்சம் உரக்க வைத்தால் எந்தப் பெட்டியும் உயர்ந்த பெட்டியாகிவிடும்! வவுச்சர் இல்லாமல் எந்தப் பில்லையும் பாஸ் செய்யாத நான், இரண்டரை லக்ஷம் ரூபாய்க்கு என் காதின் வாய்மொழியை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடப் பார்த்தேன்.

ஆகவே முறையாகத் தணிக்கை செய்வது என்று தீர்மானித்தேன். விதிகள் மூன்று.

முதலாவது, ஒலியளவு சமமாக இருக்க வேண்டும். 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டு பெட்டிகளையும் நூற்றுக்கு ஒன்றுக்குள் சமப்படுத்தினோம். அது ஏறக்குறைய 0.1 டெசிபல். சாதாரண மல்டிமீட்டர்கள் பல, 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது என்பதால்தான் 200 ஹெர்ட்ஸ்.

இரண்டாவது, எந்தப் பெட்டி வாசிக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. என் தங்கை பிள்ளை, அதாவது என் மருமான், இங்கே இன்ஜினியர். அவன் திரைக்குப் பின்னால் காசைச் சுண்டிப் பார்த்துப் பெட்டியை மாற்றிக் குறித்துக்கொண்டான். அவன் முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

மூன்றாவது, பல தடவை செய்ய வேண்டும். ஒரு தடவை சரியாகச் சொல்வது காசு சுண்டுவதற்குச் சமம். 16 தடவையில் 12 அல்லது அதற்கு மேல் குருட்டாம்போக்கில் சரியாக வருவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. ஆகவே 12 வந்தால்தான் வித்தியாசம் தெரிகிறது என்று ஒப்புக்கொள்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்தோம்.

கேட்க எடுத்துக்கொண்டது, என் தங்கை மீட்டிய தம்புராவை நல்ல மைக்கில் பதிவு செய்த இரண்டு நிமிஷமும், ஒரு வாய்ப்பாட்டும். கேட்டவர்கள் நான், நண்பர், விடுமுறைக்கு வந்திருந்த 15 வயதுப் பேரன்.

டி.ஏ.சி. இரண்டையும் ஒப்பிட்டதில் 16-க்கு எனக்கு 7, நண்பருக்கு 9, பேரனுக்கு 8. பாவம், நண்பருக்கு முகம் வாடிவிட்டது. மென்பொருள்களையும் பார்த்தோம். பணம் கட்டி வாங்கும் ரூன், இலவசமாகக் கிடைக்கும் ஃபூபார் 2000, இரண்டையும் விண்டோஸின் ஒலிக்கலவையைத் தாண்டி எண்களை நேராக அனுப்பும்படி அமைத்துவிட்டால், டி.ஏ.சி.க்குப் போவது அதே எண்கள்தான். அங்கேயும் ஒருவரும் 12-ஐ எட்டவில்லை. ரூனில் பாடல்களைத் தேடி அடுக்கும் வசதி அருமை. அந்த வசதிக்குப் பணம் கொடுக்கலாம், ஒலிக்கு அல்ல.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 2007-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொஸைட்டியின் சஞ்சிகையில் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவை அப்படியே கேட்பதற்கும், அதையே சி.டி. தரத்துக்குக் குறைத்துக் கேட்பதற்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று 554 தடவை கேட்டதில், சரியாகச் சொன்னது 276 தடவை. பாதிக்குப் பாதி. தவிர, பெட்டிகள் நூறு பெயரில் வந்தாலும், உள்ளே இருக்கும் சில்லுகளைச் செய்பவர்கள் இ.எஸ்.எஸ்., ஏ.கே.எம். போன்ற சில கம்பெனிகள்தாம். 2020 அக்டோபரில் ஜப்பானில் ஏ.கே.எம். தொழிற்சாலை தீப்பிடித்தபோது பல நாட்டு ஆடியோ கம்பெனிகள் சில்லு கிடைக்காமல் தவித்தன.

இனிமேல்தான் விஷயம். பிரீ ஆம்ப்ளிஃபையரை இணைத்தபோது பேரன், "தாத்தா, இதுல மட்டும் 'ஸ்ஸ்'னு ஒரு சத்தம் வரதே" என்றான். பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கருக்கு அருகில் போனால் கேட்கிறது என்றான். மருமானுக்குக் கேட்டது. என் சகதர்மிணிக்கும் கேட்டது. நான் ஸ்பீக்கரில் காதையே ஒட்டி வைத்தேன். நிசப்தம்!

சட்டென்று மனசில் ஒன்று உறுத்தியது. மருமானிடம் சொல்லி, மெதுவான ஒலியில் ஹெர்ட்ஸை ஏற்றிக்கொண்டே போகச் சொன்னேன். பேரன் 17,000 வரை கை தூக்கினான். சகதர்மிணி 10,000 வரை. நான் 6,000-க்கு முன்பே நின்றுவிட்டேன். பேரனைக் கேட்டேன், "தம்புரா ரீங்காரம் உனக்கு எதுல நன்னா கேட்டது?" அவன், "எல்லாத்துலயும் கேட்டதே தாத்தா, உங்க பழசுலயும்" என்றான்.

1910-ல் நம் நாக்பூரில் அரசு நிதித்துறை அதிகாரியாக இருந்த ஸர் சி.வி. ராமன், பின்னர் 1921-ல் வீணை, தம்புரா பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அகன்ற குதிரையின்மேல் தந்தி உராய்வதால் மேல் ஸ்வரங்கள் ஏராளமாகப் பிறக்கின்றன என்பது அதன் சாரம். அந்த மேல் ஸ்வரங்கள்தாம் ரீங்காரம். வயதாகும்போது காது முதலில் இழப்பதும் அவற்றைத்தான். குறை பெட்டியில் இல்லை.

மறுவாரம் காது பரிசோதனை. 4,000 ஹெர்ட்ஸில் 50 டெசிபல், 8,000-ல் 65 டெசிபல் குறைவு. ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகளும் அந்த உயர் பகுதியில்தான் இருக்கின்றன. இரண்டு வருஷமாக என் சகதர்மிணி முணுமுணுக்கிறாள் என்று நான் கோபித்துக்கொண்டதும், "உங்களுக்கு என் பேச்சுன்னா அலட்சியம்" என்று அவள் வருத்தப்பட்டதும் எதனால் என்று அந்த வரைபடத்தைப் பார்த்ததும் புரிந்தது. அன்று ஆட்டோவில் திரும்பும்போது இருவரும் அதிகம் பேசவில்லை.

பெட்டிகளை நன்றியோடு திருப்பிக் கொடுத்தேன். டெபாசிட் பணத்தில் ஒரு பகுதியில் இரண்டு காதுக்கும் கருவி வாங்கினேன். உள்ளபடி சொல்கிறேன், இளமைக் காது திரும்பி வரவில்லை. முதல் வாரம் தம்புரா நடுங்கி ஒலித்தது. இடைவிடாத ஸ்ருதியைக் கருவி தன் விசில் சத்தம் என்று எண்ணி அடக்கப் பார்க்கிறதாம். சங்கீதத்துக்கென்று தனி அமைப்புப் போட்டுக் கொடுத்த பிறகு சரியாயிற்று. இப்போது ரீங்காரம் பாதியாவது கேட்கிறது, அதே 9,000 ரூபாய்ப் பெட்டியில். அடுக்களையிலிருந்து கூப்பிடுவதும் கேட்கிறது.

60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் கணிசமான காது குறைபாடு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கவனிக்காமல் விட்டால் மறதி நோய்க்கு அது ஒரு காரணமாகலாம் என்று லான்செட் குழுவும் எச்சரித்திருக்கிறது. மைசூரில் அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனமும், மும்பையில் அலி யாவர் ஜங் நிறுவனமும் இருக்கின்றன. மத்திய அரசு ஓய்வூதியர்கள் சி.ஜி.எச்.எஸ். மூலம், காது நிபுணரின் பரிந்துரையோடும் முன் அனுமதியோடும், உச்சவரம்புக்கு உட்பட்டு கருவிக்குப் பணம் பெறலாம்.

புதுப் பெட்டி வாங்க நினைக்கும் அன்பர்கள் தாராளமாக வாங்குங்கள். வாங்குமுன் ஒலியளவைச் சமப்படுத்தி, பெயர் தெரியாமல், 16 தடவை கேளுங்கள். அதற்கும் முன்பு காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ள நாம் கூச்சப்படுவதில்லை. இதற்கும் வேண்டாம்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம், இப்போது எனக்குக் கேட்கும்.