ஆத்துமாக்களின் இரவும் ஆடி அமாவாசையும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



2024ஆம் ஆண்டு தீபாவளித் திருநாள் ஒக்டோபர் 31இல் வந்தது. அன்று ரொறன்ரோவில் வாழும் எம் உறவினர் வீட்டிலிருந்து ஒரு படம் வந்தது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், எலும்புக்கூடு வரைந்த கறுப்புச் சட்டையும் கையில் இனிப்புப் பையுமாக நிற்கின்றான். பள்ளிமுனையிலே பலகாரத் தட்டுடன் இருந்த எம் அம்மம்மா அதைப் பார்த்து, "நல்ல நாளும் அதுவுமாய்ப் பிள்ளைக்குப் பேய்க் கோலமோ?" என்று கண் கலங்கினார். அருகிருந்த இளையவர்களோ, "அது வெறும் விளையாட்டு, அம்மம்மா" என்றார்கள். அன்றைய பொழுது அந்த வழக்கிலேயே கழிந்தது. அவ்வழக்கை இன்று இச்சபை முன் வைக்க விரும்புகின்றோம்.

ஹலோவீன் எனப்படும் அவ்விரவின் பெயருக்கு, புனிதர் அனைவரின் திருநாளுக்கு முந்திய மாலை என்பதே பொருள். நவம்பர் 1 புனிதர்களுக்கு உரியது; நவம்பர் 2 மரித்த ஆத்துமாக்களுக்கு உரியது. இவ்விரண்டாம் நாளைக் குளூனி மடத்துத் தலைவர் ஒடிலோ, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் மடங்களில் ஏற்படுத்தினார். அதற்கும் முன்பே அயர்லாந்து மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அப்பருவத்தில் விழா எடுத்து வந்தனர். பிற்காலத்தில் இங்கிலாந்திலே ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகச் சென்று, அவ்வீட்டில் இறந்தோருக்காகச் செபித்து, அதற்கீடாகச் சிறு பணியாரம் பெற்றனர். கொடுப்பவர் தம் முன்னோரை நினைத்தார், பெறுபவர் பசியாறினார். இதிலே நம் அம்மம்மா வெறுக்கத்தக்கது யாதுளது?

பதினாறாம் நூற்றாண்டிலே சமயச் சீர்திருத்தம் எழுந்தது. உத்தரிக்கும் தலம் என்பதே இல்லை என்று சீர்திருத்தச் சபையார் போதித்தனர். இறந்தோருக்காகச் செபிப்பது பொருளற்றதென்றால், செபத்திற்காகக் கொடுத்த பணியாரத்திற்கும் பொருளில்லை அன்றோ? எனினும், காரணம் தளர்ந்த பின்னும் வழக்கம் முற்றாக அழியவில்லை. வேடமிட்டு வீடு வீடாகச் செல்லும் பழக்கத்தை அயர்லாந்து, ஸ்கொத்லாந்து மக்கள் தாம் குடியேறிய வட அமெரிக்காவிற்குக் கொண்டு சென்றனர். "இனிப்புத் தா, இல்லையேல் குறும்பு செய்வோம்" என்னும் இன்றைய வடிவம் இருபதாம் நூற்றாண்டிலேதான் பரவியது. இரண்டாம் உலகப் போர்க்காலச் சீனிப் பங்கீட்டினால் அது தளர்ந்து, பின்னர் மீண்டது. 1950இல் பிலடெல்பியாப் பகுதியில் சிறுவர்கள் இனிப்போடு சில்லறையும் திரட்டி, உலகின் ஏழைக் குழந்தைகளுக்காக யுனிசெப் நிறுவனத்துக்கு அனுப்பத் தொடங்கினர்.

பின்பு அச்சம் புகுந்தது. அயலார் இனிப்பில் நஞ்சு கலப்பர் என்ற பேச்சு 1970களிலும் 1980களிலும் அமெரிக்காவெங்கும் பரவியது. அத்தகைய கொலை நடந்ததற்குச் சான்று தேடிய சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், பேச்சுக்கேற்ற சான்று காணவில்லை. ஆயினும் அச்சம் நின்றுவிட்டது. இன்று பலவிடங்களில், தேவாலய வாகனத் தரிப்பிடத்தில் கார்களை நிறுத்தி, அவற்றின் பின்பெட்டியிலிருந்து பிள்ளைகளுக்கு இனிப்பு வழங்குகின்றனர். வேறு சில சபையார், இது பேய்களைப் போற்றும் விழா என்று அடியோடு விலக்கி, அறுவடை விழா நடத்துகின்றனர். செபம் முதலிற் போயிற்று. பிறகு அயல்வீட்டுக் கதவும் போயிற்று. எஞ்சியது இனிப்பு ஒன்றே.

சகோதரர்களே, பிறர் வழக்கத்தை எடை போட்ட தராசிலே நம் வழக்கத்தையும் வைத்துப் பார்த்தல் நேர்மையாகும். ஆடி அமாவாசையில் தந்தைக்காகவும், சித்திரா பௌர்ணமியில் தாய்க்காகவும் நாம் விரதம் இருக்கின்றோம். பாலாவித் தீர்த்தத்தில் நீராடித் திருக்கேதீச்சரப் பெருமானை வணங்குகின்றோம். காத்தோட்டிக்காய் தேடிக் கறி சமைக்கின்றோம். காகத்திற்குச் சோறு வைக்கின்றோம். ஆனால், அன்று எத்தனை அயல்வீட்டாரை அழைத்து உணவிடுகின்றோம்? மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாக இளைஞர் வீதி சுற்றி ஊரைத் துயிலெழுப்பியது நம் பழைய வழக்கம். இன்று பலவிடங்களில் ஒலிபெருக்கியை முடுக்கிவிட்டு நாம் போர்வைக்குள் கிடக்கின்றோம். சத்தம் முன்னிலும் பெரிது. நடந்து செல்லும் கால்கள்தாம் இல்லை. ரொறன்ரோச் சிறுவனாவது பத்துப் படியேறிப் பத்துக் கதவு தட்டினான்!

நாம் மிஷன் பாடசாலையிற் கற்றவர்கள். கத்தோலிக்க அயலவர் நடுவே வளர்ந்தவர்கள். நத்தார்க் காலத்தில் கரோல் பாடி வருவோர் எம் வீட்டுப் படலையையும் தட்டுவார்கள். அம்மம்மா அவர்களுக்குத் தேநீர் கொடாமல் அனுப்பியதில்லை. நவம்பர் 2இல் அவர்கள் சேமக்காலைக்குச் சென்று, கல்லறைகளைத் துப்புரவாக்கி, மெழுகுதிரி ஏற்றுவதைச் சிறுவயது முதலே கண்டிருக்கின்றோம். இவ்வளவு நெருங்கி வாழும் மன்னாரிலேதான் 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சர வீதியின் அலங்கார வளைவு பற்றிப் பிணக்கு எழுந்து மனங்கள் புண்பட்டன. வளைவு மீண்டும் கட்டத்தக்கது. மூடிய கதவைத் திறப்பதே அரிது.

இன்னும் ஒன்று. போரிலே காணாமற் போனோரின் தாய்மார் இம்மாவட்டத்தில் இரு சமயத்திலும் உள்ளனர். கத்தோலிக்கத் தாய்க்கு மெழுகுதிரி ஏற்றக் கல்லறை இல்லை. சைவத் தாய்க்கோ, உயிரோடிருப்பானோ என்று ஏங்கும் மகனுக்கு எள்ளுந் தண்ணீரும் இறைக்க மனம் வருவதில்லை. இவ்விரு தாய்மாரின் துயருக்கு ஒரே பெயர்தான். அவர்களை ஒருவர் வீட்டிற்கு மற்றவர் வரச் செய்யாத சமயப் பற்று யாருக்குப் பயன்படும்?

ஆகவே, எம் விண்ணப்பம் இரண்டு. பங்கு மக்கள் இசைந்தால், வரும் நவம்பர் 2க்கு முதல் நாள் சேமக்காலைப் பாதையைத் துப்புரவாக்கச் சங்க இளைஞர் மண்வெட்டியுடன் செல்வோம். அடுத்த ஆடி அமாவாசையன்று, ஒவ்வொரு வீட்டாரும் அயல்வீட்டார் ஒருவரையேனும் விரதச் சாப்பாட்டிற்கு அழைப்போம். திருவெம்பாவைச் சங்கை மீண்டும் கையில் எடுப்பது பற்றிப் பெரியோர்களே முடிவு செய்யட்டும். நடக்க நாம் ஆயத்தம்.

அம்மம்மாவுக்கு இச்செய்திகளை எடுத்துரைத்தோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அந்தப் பிள்ளைக்கு அப்புவின் பெயர் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்பதை அன்றிரவே தொலைபேசியில் அறிந்தோம். பெயரைச் சொல்லிக் கொடுத்தோம். பேய்ச் சட்டையைப் பற்றி அம்மம்மா அதன்பின் ஒரு சொல்லும் சொன்னாரில்லை.