நோய்க்கணக்கும் அதைப் பார்க்கும் முறையும்
(திருப்பூரில் பனியன் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)



இன்று என்னைப் பேசச் சொன்ன விஷயம், வைத்திய ஆராய்ச்சியில் எந்தக் கேள்விக்கு எந்தக் கணக்குப் பொருந்தும் என்பதாகும். நான் டாக்டருமல்ல, கணித பண்டிதனுமல்ல. ஆனால் மருந்துக்குப் பணம் கொடுப்பவர்கள் நாம். ஆகவே அது பலித்தது என்று சொல்லுகிறவர்களிடம் கணக்குக் கேட்க நமக்குப் பூரண உரிமை உண்டு. சனிக்கிழமையன்று கம்பெனியில் சொல்லும் பீஸ் கணக்கை எண்ணிப் பாராமல் கூலி வாங்கிப் போகிறவர் இக்கூட்டத்தில் ஒருவராவது உண்டா? வைத்தியக் கணக்கை மாத்திரம் ஏன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ள வேண்டும்?

“எங்கள் சூரணம் சாப்பிட்ட 100 பேரில் 80 பேருக்கு இருமல் நின்றது” என்று ஒருவன் நோட்டீஸ் போடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மெய்யாகவே இருக்கட்டும். சாப்பிடாத 100 பேரில் எத்தனை பேருக்குத் தானாகவே நின்றது? அதை அவன் எண்ணவேயில்லை. சாதாரணச் சளி இருமல் இரண்டு மூன்று வாரத்தில் தானே போகிற சமாச்சாரம். நேர்ந்துகொண்டு பிழைத்தவன் மொட்டையடித்துக்கொண்டு வந்து ஊரெல்லாம் சொல்லுகிறான். நேர்ந்துகொண்டும் செத்தவன் வந்து சொல்லுவதில்லை. இரண்டும் ஒரே தினுசுக் கணக்குதான்.

சரியான கணக்குக்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. காசநோய்க்கு நல்ல காற்று, பால், முட்டை, படுக்கை ஓய்வு, சானடோரிய வாசம் எல்லாம் வேண்டும் என்று பெரிய பெரிய டாக்டர்களே சொல்லிவந்தார்கள். ஏழைக்கு அதெல்லாம் ஏது? மருந்தை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் போதாதா என்று பார்ப்பதற்காக 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஏற்பட்டது. 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை. திருவுளச்சீட்டுப் போடுவதுபோல் பிரித்தார்கள். ஏனெனில் டாக்டர் பொறுக்கினால், இரக்கப்பட்டு நோய் முற்றியவர்களையே சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார்; பிறகு சானடோரியத்தில்தான் அதிகம் பேர் குணமாகவில்லை என்று கணக்குப் பொய் சொல்லும்! இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்கள் கேவலமான சாப்பாடு சாப்பிட்டார்கள், எடையும் குறைவாகவே ஏறிற்று. ஆனால் நோய் குணமானதில் இருந்த சிறு வித்தியாசம் தற்செயலாலேயே வரக்கூடிய அளவுதான். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் அதிகம் பற்றிவிடவில்லை. சானடோரியத்தில் படுக்கை கிடைக்காத எத்தனையோ லட்சம் ஏழைகளுக்கு இந்தச் சீட்டுக்கணக்கு செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல.

பி.சி.ஜி. ஊசி விஷயத்தைப் பாருங்கள். 1955-ல் ஆச்சாரியார் அதை எதிர்த்துப் புத்தகமே போட்டார். சர்க்கார் டாக்டர்களோ அதுவே காசநோயைத் தடுக்கும் என்றார்கள். பிறகு 1968-ல் தொடங்கிச் செங்கற்பட்டு ஜில்லாவில் சுமார் 2,60,000 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்ளுகிறவருக்கும் தெரியாது. ஏழரை வருஷக் கணக்கு வெளிவந்தபோது, அங்கே பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. அப்படியானால் ஊசியே பித்தலாட்டம் என்று சொல்லலாமா? கூடாது. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளையுறைக் காசத்தை அது தடுக்கிறது என்பது வேறு ஆராய்ச்சிகளில் கண்ட உண்மை. கேட்ட கேள்விக்கு மாத்திரமே கணக்குப் பதில் சொல்லும்.

இனி, சராசரி என்கிற மாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 9 பேருக்கு வாரம் 3,000 ரூபாய், ஒருவருக்கு 43,000 ரூபாய் என்றால் சராசரி 7,000! அந்த 7,000-ஐக் கண்ணால் பார்த்தவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவருமில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் படுத்திருந்தார்கள் என்ற கணக்கும் இப்படியே. ஒருவன் ஆறு மாதம் கிடந்தால் எல்லோர் தலையிலும் நாள் ஏறிவிடும். அங்கே எல்லோரையும் வரிசையாய் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்ப்பதுதான் முறை.

கடைசியாக நம் சொந்த நெஞ்சு. ஞாயிறு விடுமுறை கழித்துத் திங்கட்கிழமை கார்டிங்கில் நின்றால் நெஞ்சு இறுகுகிறதே, அது பஞ்சுத்தூசி நோய். 1950-களில் லங்காஷயர் ஆலைகளில் ஷில்லிங் என்னும் டாக்டர் இதை ஆராய்ந்து எழுதினார். இதை அளக்க, காலையில் 50 பேரின் மூச்சு, மாலையில் 50 பேரின் மூச்சு என்று இரண்டு கும்பலாய் எடுத்து ஒப்பிடுவது தவறு. நெட்டையனுக்கும் குட்டையனுக்கும், கிழவனுக்கும் வாலிபனுக்கும் உள்ள பேதத்திலேயே தூசியின் குற்றம் மறைந்துபோகும். அதே ஆள் ஷிப்டுக்கு முன் எவ்வளவு ஊதினான், பின் எவ்வளவு ஊதினான் என்று ஒவ்வொருவனையும் அவனோடேயே ஒப்பிட்டு, குறைந்த அளவைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. இன்று வேலை செய்கிறவர்களை மாத்திரம் எண்ணினால் மில்லில் எல்லோரும் திடகாத்திரமாய் இருப்பதாகத்தான் தோன்றும். இளைப்புத் தாங்காமல் நின்றுபோனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் பெயர் பழைய மஸ்டர் ரோலில் இருக்கிறது. நோய்க்கணக்கு எடுக்க வருகிறவர் முதலில் அந்தப் பழைய மஸ்டரைக் கேட்டு வாங்கட்டும்.