காற்புள்ளியும் கூட்டுத்தொகையும்



தாயகத்தை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு, "இங்கே தமிழர் எத்தனை பேர்?" என்னும் கேள்வி புதிதன்று. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, கர்நாடகத்தில் தமிழ் என்னும் மொழித் தலைப்பின்கீழ் வந்தவர்கள் 21,10,128 பேர். இது பெருமை பேசுவதற்கு மட்டும் உரிய எண் அன்று. ஒரு மாவட்டத்திலோ வட்டத்திலோ ஒரு மொழியினர் நூற்றுக்குப் 15 பேரேனும் இருப்பின், முக்கியமான விதிகளும் அறிவிப்புகளும் அவர்தம் மொழியிலும் வெளிவரல் வேண்டும் என்பது மொழிச் சிறுபான்மையினருக்கு அளிக்கப்பெற்ற பாதுகாப்புகளுள் ஒன்று. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, அந்த 15 என்பது என் மேசைக்கு வேலை வரும் வாயில்.

வட்டவாரியாக அந்தக் கணக்கைப் பார்க்க இன்று பெரிய அலுவலகம் வேண்டியதில்லை. இடம், மொழி, தொகை என மூன்றையும் காற்புள்ளியிட்டு வரிவரியாக எழுதிக் கணிப்பொறியிடம் கொடுத்தால் போதும். 1977-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் ஆக்கிய 'ஆக்' என்னும் நிரல்மொழி இதற்கு ஏற்றது. மூவர் பெயரின் முதலெழுத்துகளே அதன் பெயர். "காற்புள்ளி கண்ட இடந்தோறும் வரியைத் துண்டாக்கு, மூன்றாம் துண்டைக் கூட்டிக்கொண்டே போ, முடிவில் தொகையைச் சொல்" என்பதை அதில் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

இடர் அந்தக் காற்புள்ளியிலேயே இருக்கிறது. நம் ஓலைச்சுவடிகளில் அது கிடையாது. அரிசியும் பருப்பும் உப்பும் என்று எண்ணும்மையே பொருள்களைப் பிரித்துக் காட்டிற்று. காற்புள்ளி அச்சுடன் வந்த விருந்தாளி. வந்தபின் சொற்களையும் பிரித்தது, இலட்சத்தையும் ஆயிரத்தையும் பிரித்தது. அச்சிட்ட அறிக்கையிலிருந்து 21,10,128 என்பதை அப்படியே பெயர்த்தெழுதினால், கணிப்பொறி அதை மூன்று துண்டாக்கி, முதல் துண்டாகிய 21-ஐ மட்டும் கூட்டும். இருபத்தொரு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருபத்தொரு பேராகிவிடுவார்கள். ஆங்கில முறையில் 2,110,128 என்றிருந்தாலோ, இருவர்தாம்! எண்ணை மேற்கோட் குறிகளுக்குள் இட்டால் நிலைமை இன்னும் மோசம். துண்டு மேற்கோட் குறியில் தொடங்குவதால் பழைய ஆக் அதைச் சுழியம் என்றே கொள்ளும். ஒரு முணுமுணுப்பும் செய்யாது.

மேற்கோளுக்குள் இருப்பதை ஒரே துண்டாக ஏற்கும் வசதி 2023-இல் ஆக்கில் சேர்ந்தது. அப்போதும், எண்ணாகக் கொள்ளும்போது முதற் காற்புள்ளியோடு நின்றுவிடும். ஆகவே, கூட்டுவதற்கு முன் எண்களுக்குள் இருக்கும் காற்புள்ளிகளை நீக்கிவிடுதல் நன்று.

இன்னொரு பிழை இதற்கு நேர்மாறானது. குடிமதிப்பின் தாய்மொழி அட்டவணையில் 'தமிழ்' என்னும் தலைப்பு வரி ஒன்று. அதன்கீழ் தமிழ், இருளர் மொழி, கைக்காடி, கொரவ முதலிய தாய்மொழிகளுக்குத் தனித்தனி வரிகள். அன்றியும், அதே மக்கள் மாநில வரியிலும் மாவட்ட வரியிலும் வட்ட வரியிலும் மும்முறை வருகிறார்கள். எல்லா வரிகளையும் கூட்டினால் தொகை ஏறக்குறைய ஆறு மடங்காகும். அப்படிப் பெருகிய எண்ணைக் கையில் கொண்டு அதிகாரியிடம் உரிமை கேட்கப் போவது, சுருங்கிய எண்ணோடு போவதைவிடத் தீங்கானது என்பது என் கருத்து. ஒருமுறை பொய்யென்று கண்டவர், அடுத்து நாம் காட்டும் மெய்யான எண்ணையும் நம்பமாட்டார்.

இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இயங்கிவரும் இந்த மைசூரில், மொழிக் கணக்கில் நாட்டம் கொண்ட இளைஞர்களுக்குக் குறைவில்லை. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் ஒவ்வொரு வரியிலும் எத்தனை துண்டுகள் என்று கணிப்பொறியையே எண்ணச் செய்யுங்கள். மூன்றுக்கு மிகுந்த வரி தோன்றினால் அதைத் தனியே எடுத்துக் கண்ணால் பாருங்கள். பிறகு வட்டங்களின் தலைப்பு வரிகளை மட்டும் கூட்டி மாவட்டத் தொகையோடும், மாவட்டங்களைக் கூட்டி 21,10,128-உடனும் ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்தாலும் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குங்கள்.