சாவி யார் கையில்?

(திருச்சானூரில் நடந்த அங்கத்தினர் சந்திப்பில் பேசியது)

இந்த மேடையில் கார் வாங்கிய கதையா என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வயதான தம்பதிகள் தனியே வசிக்கும் வீடுகள் நம்மில் அநேகம். அவர்களுக்காகவே சொல்கிறேன்.

2023 டிசம்பரில் ஓர் இரவு பதினோரு மணிக்கு எனக்குத் தலை சுற்றி, வியர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பையனை எழுப்பி, அவன் வண்டியில் திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். நல்லவேளை, பெரிதாக ஒன்றுமில்லை. மறுநாள் என் மனைவி சொன்னாள்: "ஏன்னா, வாசல்ல கார் நின்னுது. என் கையில சாவி இருந்தது. ஓட்டத்தான் தெரியல." எனக்குப் பதில் வரவில்லை. அவள் இருபது வருஷமாக ஸ்கூட்டர் ஓட்டுபவள். கார் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டபோதெல்லாம் "நான்தான் இருக்கேனே" என்று தட்டிக் கழித்தவன் நான்.

அறுபத்தாறு வயதில் பயிற்சிக்குப் போனாள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவர் சான்று வேண்டும். பழகுநர் உரிமம் கிடைத்து முப்பது நாள் கழிந்தபின்தான் டெஸ்ட். ஐம்பத்தைந்துக்கு மேல் உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான் தருகிறார்கள். இவை தடையல்ல, நமக்கே பாதுகாப்பு.

கார் தேர்வு செய்ய, பழைய உத்தியோகப் பழக்கத்தில் நான் பெரிய அட்டவணை போட்டேன். மைலேஜ், டிக்கி, மறுவிற்பனை விலை என்று பன்னிரண்டு கட்டங்கள். அவள் மூன்றே கேள்வி கேட்டாள். உட்கார்ந்தால் முன்பக்கம் தெரியுமா? பிரேக்கை முழுவதும் அழுத்தக் கால் எட்டுமா? நம் சந்தில் திரும்புமா? கார்த்திகை பிரம்மோற்சவத்தில், அதுவும் பஞ்சமி தீர்த்தத்தன்று, தாயார் கோயிலைச் சுற்றி நடப்பதற்கே இடமிராது. மற்ற நாட்களிலும் நீளமான வண்டி தொல்லைதான். என் அட்டவணையில் ஓட்டுகிறவளுக்கு ஒரு கட்டம்கூட இல்லை!

கிளட்ச் இல்லாத சிறிய வண்டியாகப் பார்த்தோம். 2014இல் மாருதி செலேரியோவில் ஏஎம்டி வந்தபிறகு, அந்த வசதி நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் நட்சத்திர மதிப்பீட்டையும் விசாரித்தோம்.

பிறகு ஒரு சிறு வழக்கு. பல வருஷம் க்ளெய்ம் செய்யாததால் என் இன்ஷூரன்ஸில் 50 சதவீத போனஸ் சேர்ந்திருந்தது. வண்டியை என் பெயரில் வாங்கினால் அந்தச் சலுகையைப் புதுக் காருக்கு மாற்றலாம். அவள் பெயரில் என்றால் முடியாது. போனஸ் வண்டிக்கல்ல, சொந்தக்காரருக்கு. என் காலத்துக்குப் பின் வாரிசுக்குப் போகும். அந்த அவசரம் எனக்கில்லை! "ஓட்டப் போறது நான், பேர் மட்டும் உங்களுதா?" என்றாள். அவள் பெயரிலேயே பதிவு செய்தோம்.

2009இல் வாங்கிய என் காருக்கு 2024இல் பதினைந்து ஆண்டு முடிந்தது. பதிவைப் புதுப்பிக்கலாம் என்றேன். இரண்டு கார், போகுமிடம் ஒன்று. நிற்கிற காருக்கு பேட்டரியும் டயரும்தான் வீண். மனம் வராமல்தான் கொடுத்தேன். இப்போது ஒரு கார், ஒரு ஸ்கூட்டர். இரவில் காரை அவளே ஓட்டுவாள். இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, சர்வீஸ் தேதிகள் ஒரே நோட்டில். இரண்டு வண்டிச் சாவியும் ஒரே ஆணியில்.

இதொன்றும் புதுமையல்ல. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவர் கார்ல் பென்ஸுக்குத் தெரியாமல் அவர் செய்த மோட்டார் வண்டியில் இரண்டு பிள்ளைகளுடன் நூறு கிலோமீட்டருக்கு மேல் போனார். தேய்ந்த பிரேக் கட்டைக்கு வழியில் தோல் அடித்துக்கொண்டார். மேடேற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவருக்குச் சொன்னவரும் அவரே.

சென்ற ஆண்டு அவள் திருமலைக்கு ஓட்டினாள். 1974இல் திறந்த பாதையில் ஏறி, 1944இல் போட்ட பழைய பாதையில் இறங்கினோம். சுமார் 700 மீட்டர் இறக்கம். ஆட்களோடு 1,200 கிலோ வண்டி என்றால் இரண்டு யூனிட் மின்சாரத்துக்கு மேலான சக்தி வெப்பமாகக் கழிய வேண்டும். முழுவதையும் பிரேக் தாங்கினால் சூடேறிப் பிடிப்புக் குறையும். தாழ்ந்த கியரில் இறங்கினால் என்ஜினே ஒரு பங்கைத் தாங்கும். இதை நான் விளக்க வாயெடுக்குமுன் அவள் கியரைக் குறைத்துவிட்டாள். இடது சீட்டில் என் கால்தான் வழியெல்லாம் தரையில் பிரேக் போட்டுக்கொண்டே வந்தது.

உங்கள் அகத்தில் ஓட்டத் தெரியாதவர் யாரோ, அவரை இந்த மாதமே பயிற்சிக்கு அனுப்புங்கள். வண்டியை அவருக்கு ஏற்றபடி வாங்குங்கள். நான் தாமதித்ததுபோல் தாமதிக்க வேண்டாம். தாயார் எல்லோரையும் காக்கட்டும்.