குளிசையை ஒளிக்க வேண்டாம்
(மட்டக்களப்பு வாவிக்கரைத் தென்னந்தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அலவாங்கில் தேங்காய் உரித்து உரித்து நாரி நோவு எங்களை விடுவதில்லை. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்தை விட்டு இங்கு வந்த குடும்பங்களும், 2004 டிசம்பர் 26இல் கடலுக்குப் பிள்ளைகளைக் கொடுத்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறோம். நித்திரை குறைந்தால் நோவு கூடும். நோவு கூடினால் நித்திரை வராது.

இதற்கு வைத்தியர் அமிட்ரிப்டிலின் தந்தால், 'விசர்க் குளிசை' என்பார்கள் எனப் பயந்து அரிசிப் பானைக்குள் ஒளிக்கிறோம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அதே மருந்தைக் குறைந்த அளவில் நரம்பு நோவுக்கும் கொடுப்பார்கள். மனச்சோர்வுக்கே எடுத்தாலும் அதில் என்ன வெட்கம்? பிரஷர் குளிசையை ஒளிக்கிறோமா?

பலன் தெரியச் சில கிழமை செல்லும். வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும். வைத்தியரிடம் சொல்லுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள். கசிப்போடு சேர்க்கவே வேண்டாம். மனம் தாங்காத இரவில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள்.

கிளினிக் நாளில் பேர் வெட்டக்கூடாது என்று நிருவாகத்திடம் கேட்போம். அதற்கு முதல், பக்கத்து வீட்டுக் குளிசையைப் பார்த்துச் சிரிப்பதை நாங்கள் நிறுத்துவோம்.