நாற்காலிகளை எண்ணிப் பாருங்கள்

(தாம்பரம் வட்டாரத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பணியில் நிறைவும் நிலைத்தலும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள கணினி நிறுவனங்களில் இதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். வேலைக்கு வந்தவர் ஏன் இருக்கிறார், ஏன் போகிறார் என்று கேட்பதுதான் அவர்கள் வேலை. நம் பள்ளிகளில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. அரசு வேலை, யார் விட்டுப் போகப் போகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை முதலில் அசைத்தவர் என் மாணவி ஒருத்தியின் அம்மா.

எட்டாம் வகுப்பில் படித்த அந்தப் பெண் நான்கு நாள் தொடர்ந்து பள்ளிக்கு வரவில்லை. வீட்டைத் தேடிப் போனேன். அம்மா மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பணியாளர். அன்று விடுப்பில் இருந்தார். கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முன்பு ஒரு முறை பெற்றோர் கூட்டத்தில் அதைப் பற்றிச் சொல்லியிருந்தார். “இப்ப பரவால்ல மிஸ். மூணு கடை மாறிட்டேன். இந்தக் கடைல ஆறு வருஷமா இருக்கேன். சம்பளம் ஐந்நூறு ரூபா கம்மிதான். ஆனா இங்க ஸ்டூல் போட்டிருக்காங்க. கூட்டம் இல்லாதப்ப உக்காரலாம். ஸ்கூல்லேர்ந்து போன் வந்தா, போய்ட்டு வாம்மான்னு அனுப்புவாங்க” என்றார்.

ஐந்நூறு ரூபாய் அந்த வீட்டில் சின்னத் தொகை இல்லை. அதை விட்டுக்கொடுத்து அவர் ஒரு ஸ்டூலையும், ‘போய்ட்டு வாம்மா’ என்ற ஒரு சொல்லையும் வாங்கியிருக்கிறார். வீடு திரும்பும் வழியெல்லாம் அதே நினைவாக இருந்தது.

அவர் கேட்ட அந்த ஸ்டூலுக்கு இன்று நம் மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. வேலை நேரம், விடுமுறை எல்லாவற்றையும் பேசிய அந்தச் சட்டத்தில், 2021-இல்தான் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கடையில் எல்லாப் பணியாளருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம், வேலை நேரம் முழுவதும் நின்றே தீர வேண்டிய நிலை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். நமக்கு முன்பே, 2018-இல், கேரளம் இதைச் செய்துவிட்டது. கோழிக்கோட்டில் பி. விஜி என்ற தையல் தொழிலாளி, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் வழியாகக் கடைப் பெண்களைத் திரட்டியதன் விளைவு அது. அந்தப் பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை. அடுத்துக் கேட்டது உட்காரும் உரிமை.

நம் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் ஏற்றுமதி வளாகம் வந்தது. நாம் எல்லோரும் ‘மெப்ஸ்’ என்று சொல்கிறோமே, அதுதான். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பலரின் அம்மாவோ சித்தியோ அங்கே வேலை பார்த்தவர்களாக இருப்பார்கள். இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாடு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்ந்ததை அடுத்து, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை சிப்காட் மூலம் அரசு கட்டித் திறந்தது. அந்தப் பெண்கள் சாலைக்கு வந்தபோது பேசப்பட்டவை சாப்பாடும் தங்கும் இடமும்தான். வேலைக்கு வந்த ஆளை ஆளாக நடத்துவது என்பது இப்படிப்பட்ட இடங்களில்தான் தொடங்குகிறது.

இதையெல்லாம் ஆசிரியர் கூட்டத்தில் ஏன் சொல்கிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு நாள் வந்தது.

2022-இல் அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப முடிவானது உங்களுக்கு நினைவிருக்கும். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 12,000, பட்டதாரி ஆசிரியருக்கு 15,000, முதுநிலை ஆசிரியருக்கு 18,000 ரூபாய். நான் அப்போது பணியாற்றிய பள்ளிக்கும் அந்த வழியில் ஒரு கணக்கு ஆசிரியை வந்தார். இருபத்தாறு வயதிருக்கும். கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் வருவார்.

எங்கள் ஆசிரியர் அறையில் பதினான்கு நாற்காலிகள் இருந்தன. நாங்கள் பதினான்கு பேர். அவர் பதினைந்தாவது. முதல் நாள் கதவோரம் நின்றார். யாரோ ஒருவர், “பசங்க பெஞ்ச் ஒண்ணு இழுத்துப் போட்டுக்கங்க” என்றார். அவரும் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த பெஞ்சு அப்படியே நிலைத்துவிட்டது.

கால அட்டவணைப் பலகையில் எங்கள் பெயர்கள் இருந்தன. அவருடைய கட்டத்தில் ‘தற்காலிகம்’ என்று எழுதியிருந்தோம். யாராவது விடுப்பு எடுத்தால் அந்தப் பாடவேளை அவருக்கே போகும். நமக்குத்தான் எமிஸ் பதிவு இருக்கிறதே, பதிவேடு இருக்கிறதே, அவருக்கு என்ன வேலை என்று எங்களுக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தோம். ஊதியம் இரண்டு மாதம் தள்ளி வந்தது. ஏன் தள்ளிப்போகிறது, எப்போது வரும் என்று அவரைக் கூப்பிட்டு ஒருவரும் சொல்லவில்லை. ஆசிரியைகளுக்கான கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதுகூட அவருக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று.

பாடம் நன்றாக நடத்தினார். ஏழாம் வகுப்பில் பின்னம் என்றாலே ஓடிய பிள்ளைகள், தோசையைத் துண்டு போட்டுக் காட்டி எனக்குக் கணக்குச் சொன்னார்கள். அதை நான் அவரிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

நவம்பரில் அவர் விலகினார். அரையாண்டுத் தேர்வு பக்கத்தில் இருந்தது. குரோம்பேட்டையில் ஒரு தனியார் பள்ளிக்குப் போவதாகச் சொன்னார். “அங்க சம்பளம் அதிகமா?” என்று கேட்டேன். “இல்ல மேடம், கிட்டத்தட்ட இதேதான்” என்றார். கொஞ்சம் தயங்கி, “அஞ்சு மாசமா இந்த ரூம்ல சாப்பிடுறேன் மேடம். ஒருத்தர்கூட, வாங்க சாப்பிடலாம்னு கூப்பிடல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கும் அது உறுத்துகிறது. அந்த அறையில் அவருக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து தினமும் சாப்பிட்டவள் நான்.

அந்த வருடம் ஏழாம் வகுப்புக்கு மூன்று பேர் மாறி மாறிக் கணக்கு எடுத்தோம். மூன்றாவதாக நான் போனபோது முதல் பெஞ்சுப் பையன் கேட்டான், “நீங்களும் போயிடுவீங்களா மிஸ்?” ஆசிரியர் ஒருவர் பாதியில் போனால் நமக்கு அது காலிப்பணியிடம். பிள்ளைக்கு அப்படி இல்லை. அவன் அடுத்து வருபவரை நம்பவே தயங்குகிறான்.

பி.எட். படிக்கும்போது கல்வி உளவியல் தாளில் மாஸ்லோவோடு ஹெர்ஸ்பெர்க் பெயரையும் படித்திருப்போம். தேர்வோடு மறந்தும் போயிருப்போம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரப் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும், வேலையில் மிக நிறைவாக உணர்ந்தது எப்போது, மிகக் கசந்தது எப்போது என்று அவரும் உடன் இருந்தவர்களும் கேட்டு, 1959-இல் நூலாக வெளியிட்டார்கள். ஊதியம், பணியிட வசதி, மேலதிகாரியின் போக்கு இவை சரியில்லை என்றால் கசப்பு வருகிறது. சரியாக இருந்தால் கசப்பு நீங்கும், அவ்வளவுதான். உற்சாகம் வருவது வேறு இடத்திலிருந்து. வேலையில் கிடைக்கும் சாதனை, அதை அடுத்தவர் கவனித்துச் சொல்வது, நம்பி ஒப்படைக்கப்படும் பொறுப்பு இவற்றிலிருந்து. எங்கள் கணக்கு ஆசிரியைக்கு நாங்கள் இரண்டையுமே கொடுக்கவில்லை. நாற்காலியும் இல்லை, பாராட்டும் இல்லை.

அடுத்த ஆண்டு இன்னொரு தற்காலிக ஆசிரியை வரவிருந்தார். தலைமை ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தட்டிக்கழிக்காமல் கேட்டார். நாங்கள் செய்தவை மிக எளியவை. ஒன்றுக்கும் அரசாணை தேவைப்படவில்லை.

முதலாவது, அவர் வருவதற்கு முதல் நாளே ஒரு நாற்காலியும் அலமாரியில் ஒரு தட்டும் ஒதுக்கினோம். பலகையில் பெயரை எழுதினோம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் பெயர் சொல்லி அறிமுகம் செய்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

இரண்டாவது, விடுப்பு ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக்குப் போவதற்கு ஒரு நோட்டுப் போட்டோம். வரிசைப்படி எல்லோர் பெயரும் அதில் வரும். தொடக்கத்தில் முணுமுணுப்பு இருந்தது. என் பெயர் வந்த நாளில் எனக்கே கசந்தது. ஆனால் நோட்டு பேசிவிட்டதால் ஆளுக்கு ஆள் வருத்தம் இல்லாமல் போனது.

மூன்றாவது, முதல் பருவம் முழுவதும் ஒரு மூத்த ஆசிரியர் துணை. பாடக்குறிப்பு, எமிஸ், பதிவேடு என எந்தச் சந்தேகம் வந்தாலும் கூச்சமில்லாமல் கேட்க ஓர் ஆள். மதியம் சேர்ந்து சாப்பிடுவதும் அதில் அடக்கம்.

நான்காவது, ஊதியம் தாமதமானால் தலைமை ஆசிரியரே கூப்பிட்டு நிலைமையைச் சொல்வார். பணம் அதனால் சீக்கிரம் வந்துவிடாது. ஆனாலும் தன்னை மறந்துவிடவில்லை என்பது தெரியும்.

ஐந்தாவது, நன்றாக நடத்தினால் அதைப் பெற்றோர் காதில் விழும்படி சொன்னோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், இந்த ஆசிரியை வந்த பிறகு ஆறாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறியவர்கள் வாசிக்கிறார்கள் என்று தலைமை ஆசிரியர் சொன்னபோது, அவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாளிலிருந்து பள்ளி விட்ட பிறகும் அரை மணி நேரம் இருந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாற்காலி சம்பளத்துக்கு ஈடாகாது. 15,000 ரூபாயில் தாம்பரத்தில் வாடகையும் கொடுத்துக் குடும்பமும் நடத்துவது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும். காலியிடங்கள் நிரந்தரமாக நிரம்ப வேண்டும், ஊதியம் நேரத்துக்கு வர வேண்டும் என்ற கோரிக்கைகளை, நல்லபடியாகப் பழகிவிட்டோம் என்று சொல்லிக் கீழே வைத்துவிடக் கூடாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 27-ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர வேறு கல்வி சாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. அதையும் நாம் உரிய இடத்தில் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவை மேலே முடிவாகிறவை. ஆனால் ‘வாங்க சாப்பிடலாம்’ என்பது எந்தக் கோப்பிலும் நிற்பதில்லை. அது நம் வாயில் இருக்கிறது.

தற்காலிக ஆசிரியரோடு இது முடிவதும் இல்லை. பகுதிநேர ஆசிரியர், தூய்மைப் பணியாளர், சத்துணவு சமைக்கும் அக்கா, காலை உணவு கொண்டு வருபவர் எல்லோரும் நம் பள்ளியின் ஆட்கள். அவர்கள் உட்கார எங்காவது இடம் இருக்கிறதா? அவர்கள் பெயர் நமக்குத் தெரியுமா? பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நாளைக்கு இவர்களில் ஒருவர் கடை வைப்பார், ஒருவர் மேலாளர் ஆவார். வேலைக்கு வந்தவரை எப்படி நடத்துவது என்று அவர்கள் முதலில் கற்கும் இடம் நம் ஆசிரியர் அறை வாசல்.

அந்த இரண்டாவது ஆசிரியை என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவரும் போய்விட்டார். கல்வியாண்டு முழுவதும் இருந்து, ஆண்டுத் தேர்வு முடித்து, மதிப்பெண் பதிவேட்டை ஒப்படைத்துவிட்டு, வேறு ஊரில் நிரந்தர வேலை கிடைத்துப் போனார். அது போக வேண்டிய போக்கு. யாரையும் கட்டிப்போட்டு வைப்பது நம் நோக்கம் இல்லை. ஒரு வகுப்பைத் தொடங்கியவர் அதை முடித்துவிட்டுப் போகும்படி நாம் நடந்துகொண்டோமா என்பதுதான் கேள்வி. இப்போதும் ஆசிரியர் தினத்தன்று அவரிடமிருந்து எனக்கு அழைப்பு வருகிறது. முதலில் வந்த கணக்கு ஆசிரியையின் எண் என்னிடம் இல்லை. கேட்டு வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை.

நாளை காலை பள்ளிக்குப் போனதும் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் ஆசிரியர் அறையில் நாற்காலிகளை எண்ணிப் பாருங்கள். பிறகு ஆட்களை எண்ணிப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மகிழ்ச்சி. ஒன்று குறைந்தால், மணி அடிப்பதற்குள் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுவிடுங்கள்.