மலையும் இருளும்

கொடைக்கானல் என்றதும் ஏரியும் படகும் உங்கள் நினைவுக்கு வரும். நான் இன்று பேச விரும்புவது அம்மலையின் இருளைப் பற்றி.

2006ஆம் ஆண்டு பழனி மலையில் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் அப்பூவைக் காட்ட, தலைமையாசிரியனாயிருந்த நான் மாணவர் சிலரை அழைத்துச் சென்றேன். ஒரு சிற்றூரில் தங்கினோம். நள்ளிரவில் ஒரு படுக்கை வெறுமையாய்க் கிடக்கக் கண்டு பதறி வெளியே ஓடினேன். ஒரு மாணவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மதில்மேல் வைத்த காமிராவின் அருகே அமர்ந்திருந்தான்.

"இந்த இருட்டில் எதையடா படம் பிடிக்கிறாய்?" என்று சினந்தேன்.

"இன்னும் அரை மணி நேரம் மட்டும், ஐயா" என்று கெஞ்சினான். நான் இசையவில்லை.

ஊர் திரும்பியபின் அந்தப் படத்தைக் கழுவி என் மேசைமேல் வைத்தான். விண்மீன்கள் புள்ளிகளாக இல்லை. துருவ மீனைச் சுற்றி வளைந்த கோடுகளாக இருந்தன. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியவன் நான். அதைக் கண்ணால் கண்டது அன்றுதான். ஆனால் கோடுகள் குட்டையாக இருந்தன. அவற்றைக் குறைத்தது என் சினமே.

அம்மலைக்கு இப்பொறுமை புதிதன்று. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வகத்தார் 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வந்தனர். நூறாண்டுக்கு மேற்பட்ட அப்படங்கள் இன்றும் ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதை எவர்ஷெட் என்பார் 1909இல் கண்டறிந்ததும் அங்கேதான்.

1960இல் அவ்வாய்வகத்தின் தலைமையை ஏற்றவர் வைணு பாப்பு. மாணவராயிருந்தபோதே, 1949இல், அமெரிக்காவில் தாம் எடுத்த வான்படம் ஒன்றில் புதிய வால்மீனைக் கண்டவர் அவர். பகலவனை ஆராயக் கொடைக்கானல் ஏற்றது. இரவு வானத்துக்கோ மேகம் குறைந்த, விளக்கொளி எட்டாத இடம் வேண்டும். அவர் தேடித் தேர்ந்தது ஜவ்வாது மலைக்காட்டிலுள்ள காவலூர். 1968 முதல் அங்கே தொலைநோக்கி இயங்கலாயிற்று. 1986இல் அங்கே இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. காடு அறிவியலுக்கும் துணை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

2018இல் குறிஞ்சி மீண்டும் பூத்தது. நான் ஓய்வு பெற்றிருந்தேன். இளைஞனாகிவிட்ட அம்மாணவன் என்னை அதே மதிலுக்கு அழைத்துச் சென்றான். "இம்முறை எத்தனை நேரம் வேண்டுமானாலும் இரு" என்றேன். அவன் வடக்கே கை காட்டினான். புதிய விடுதிகளின் விளக்கொளி அடிவானத்தில் வெண்திரைபோல் படர்ந்திருந்தது. நம் தென்னாட்டில் துருவ மீன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 10 பாகை உயரத்திலேயே நிற்கும். ஆகையால் அவ்வொளி முதலில் விழுங்கியது அதைத்தான். நான் தந்த நேரம் அவனுக்குப் பயன்படவில்லை.

பழனி மலையின் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு ஊட்டுபவை. அவற்றில் பெரும்பகுதி சீகையும் தைலமரமும் நட்டதால் அழிந்தது. எஞ்சியதைக் காக்க 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அழிந்த சோலை மீளப் பல தலைமுறை ஆகலாம். இழந்த இருளோ அப்படியன்று. விளக்குக்கு மேல்மூடி இட்டு, ஒளியைத் தரைமீது மட்டும் விழச் செய்து, வேண்டாதபோது அணைத்துவிட்டால், அந்த இரவே அது திரும்பிவிடும்.

குறிஞ்சி இனி 2030இல் பூக்கும். அப்போது உங்களில் சிலர் ஆசிரியராகவும் இருப்பீர்கள். இருட்டில் ஒரு மாணவன் தனியே அமர்ந்திருக்கக் கண்டால், அவனுக்குக் கம்பளி ஒன்று கொடுங்கள். அரை மணி நேரமும் கொடுங்கள். அவன் பார்ப்பதற்கு ஒரு வானத்தையும் விட்டுவையுங்கள்.